ஒன்பதில் ஆடும் முள்

ஜூன் 3

ஸ்பானருக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. உனக்கென்ன, ஊரைவிட்டுப் போன வாரமே உப்பளத்துப் பம்ப் ஹவுஸில் வேலை கிடைத்துவிட்டதாம். உன் அண்ணனுக்குப் போன் செய்தாயே, அப்போது என்னிடமும் போனை நீட்டினார். நான் வாங்கவில்லை. உன் குரலைக் கேட்டால் வாயில் வந்ததையெல்லாம் கொட்டிவிடுவேன். எழுதினால் இரண்டாம் பக்கத்தில் கை வலிக்கும், திட்டுவதும் அதோடு நிற்கும். அதனால்தான் கடிதம்.

விஷயம் பெரியவரைப் பற்றி. நம் பிக்கப்புக்கு நீ வைத்த பட்டம் அது. முப்பது வருஷத்து வண்டி, மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்றாய். கண்ணாடி ஏற்றிக்கொண்டு மலை ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது, கேம்ஷாஃப்டை மாற்றினால் வாலிபனாகிவிடுவார் என்று சொன்னதும் நீதான். மூன்று நாள் கடை வாசலில் என்ஜினைப் பிரித்துப் போட்டாய். முதல் வாரம் வண்டி பறந்தது, ஒத்துக்கொள்கிறேன். பத்தாம் நாள் டாக்டர் வீட்டுச் சந்தில் நீ ஓட்ட, அது வெட்டி வெட்டி இழுக்க, வண்டியின் பின்தட்டில் நின்றிருந்த உன் அண்ணன் சரிந்த கண்ணாடியைக் கையால் பிடித்தார். எட்டுத் தையல். வலது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை. கண்ணாடி வெட்டுகிறவருக்கு வலது கை! நீ ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தாய், உள்ளே வரவில்லை. நான்காம் நாள் உன்னிடமிருந்த வண்டிச் சாவியைக் கடைத் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டாய்.

இப்போது ஓட்டுவது நான். சும்மா நிறுத்தி வைத்தாலே பெரியவர் குளிர்க்காய்ச்சல் வந்தவர் மாதிரி நடுங்குகிறார். சிக்னலில் அணைந்துவிடுகிறார். மெதுவாகப் போனால் வெட்டுகிறார். மலைமேல் பள்ளிக்கூடத்துக்குத் தொண்ணூற்றாறு ஜன்னல் கண்ணாடி ஒப்புக்கொண்டது உனக்கும் தெரியும். ஆகஸ்ட் பத்தாம் தேதி பள்ளி திறக்கிறார்கள். இந்த வண்டியில் ஒரு தட்டு கண்ணாடிகூட உடையாமல் மேலே போகாது.

நானும் நாத்தனார் உனக்கு எடுபிடியாக மூன்று நாள் நின்றவள்தான். கேட்ட சாமானை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பாகத்துக்கு நடுவில் வைக்கிற அந்தக் காகித கேஸ்கட்டுக்குப் பசை தடவச் சொன்னாய், தடவினேன். என் கைவேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. இந்த ஊரில் பாதி ஜன்னல் என் பசையில்தான் நிற்கிறது. கோளாறெல்லாம் நீ செய்த வேலையில்தான்.

பழைய ஷாஃப்டை எங்கே வைத்தாய் என்று மட்டும் எழுது. மூலைக்கடை மெக்கானிக் அதையே திருப்பிப் போட்டுவிடலாம் என்கிறார். அது முடியாவிட்டால் காய்கறி மண்டிக்காரர் வண்டியைக் கேட்கிறார், ஜூலை பதினைந்தாம் தேதி வந்து பார்ப்பாராம். கொடுத்துவிட்டு, கண்ணாடிக் கடையையும் பாதியாகச் சுருக்கிக்கொள்கிறோம்.

அண்ணி


ஜூன் 8

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நீங்கள் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தேன், படி ஏறக் கால் வரவில்லை.

அண்ணன் கையை டாக்டர் என்ன சொல்கிறார்? விரலில் உணர்ச்சி இருக்கிறதா? தயவுசெய்து எழுதுங்கள்.

பழைய ஷாஃப்ட், உடைசல் கண்ணாடி போடும் மரப்பெட்டிக்குப் பின்னால், அண்ணனின் பழைய சட்டையில் சுற்றி இருக்கிறது. ஆனால் அது உதவாது. அதில் முட்டை மாதிரிப் புடைப்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு புடைப்பும் ஒரு வால்வைத் தள்ளித் திறக்கும். மூன்றாவது புடைப்பைத் தடவிப் பாருங்கள், தேய்ந்து மொட்டையாகிவிட்டது. மாற்றத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அதே அளவில் வாங்கியிருக்கலாம். பெரியதாக வாங்கியது என் ஆசை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

பெரிய கேம் போட்டால் வால்வுகள் அதிக நேரம் திறந்திருக்கும். மலையில் பலம் வரும், நின்றால் கொஞ்சம் குலுங்கும். 'கொஞ்சம்'. நீங்கள் எழுதியிருப்பது கொஞ்சம் இல்லை. எங்கோ வேறு கோளாறு இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம்.

முதலில் ஒன்று. பிரேக் மிதி கல் மாதிரி இறுகி இருக்கிறதா? இருந்தால் சுமை ஏற்றவே ஏற்றாதீர்கள். அந்த பிரேக்குக்குத் துணை நிற்பது என்ஜின் உள்ளே காற்றை உறிஞ்சும் இழுவைதான். இழுவை குறைந்தால் பிரேக்கும் குறையும். அதை அளக்கும் வேக்குவம் மீட்டர் என் மேஜை இழுப்பறையில், சிவப்புப் பெட்டியில் இருக்கிறது. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குப் பின்னால் சின்ன ரப்பர் மூடி போட்ட ஒரு குழாய் முனை இருக்கும். மூடியைக் கழற்றி மீட்டரை மாட்டுங்கள். என்ஜின் சூடானபின் முள் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். பதினைந்தை எதிர்பார்க்கிறேன்.

ஜூலை பதினைந்தாம் தேதிவரை எனக்கு அவகாசம் கொடுங்கள் அண்ணி. அதற்குப் பிறகு விற்றால் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

ஸ்பானர்


ஜூன் 13

ஸ்பானருக்கு,

ஒன்பது.

அதுவும் நிற்கவில்லை. ஒன்பதுக்கும் ஏழுக்கும் நடுவில் முள் ஆடிக்கொண்டே இருக்கிறது. பிரேக் மிதி நீ சொன்ன மாதிரிக் கல்தான். நான் என்னவோ என் முழங்காலுக்குத்தான் வயசாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். வெறும் வண்டியைக்கூட இனிச் சந்தைப் பக்கம் எடுப்பதாக இல்லை.

மூன்றாவது புடைப்பைத் தடவிப் பார்த்தேன். மொட்டைதான். மூலைக்கடை மெக்கானிக்கிடம் காட்டியதும் மனுஷர் தலையைச் சொறிந்தார். "கேம் மாத்துன வண்டி அப்படித்தான்மா குலுங்கும், பழகிக்கங்க" என்கிறார். எனக்குப் பழகும். கண்ணாடிக்குப் பழகுமா?

உன் அண்ணன் கை: உணர்ச்சி இருக்கிறது. தினமும் ஐந்நூறு முறை ஏதாவது மிருதுவான உருண்டையை அமுக்கச் சொன்னார்கள். ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தேன், பிடிக்கவில்லையாம். ஜன்னல் சட்டத்துக்கு வைக்கிற மக்கு இருக்கிறதே, அதை உருட்டி வைத்துக்கொண்டு அமுக்குகிறார். கல்லாவில் உட்கார்ந்து அமுக்குகிறார், சாப்பிடும்போது இடது கையில் கரண்டி, வலது கையில் மக்கு. வீடே மக்கு வாசனை. சுண்டுவிரல் நேற்று அரைக்கால் அங்குலம் மடங்கியது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உன்னைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்வதில்லை. அவர் பங்குக்கும் சேர்த்து நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து என்ன செய்ய வேண்டும், எழுது.

அண்ணி


ஜூன் 18

அண்ணிக்கு,

சுண்டுவிரல் மடங்கியது என்ற வரியைப் படித்துவிட்டுப் பம்ப் ஹவுஸ் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். இங்கே எந்நேரமும் காற்று, கண்ணில் உப்பு விழுந்தது என்று சொல்லிக்கொள்ள வசதி.

இரண்டு வேலை சொல்கிறேன். மூலைக்கடைக்காரரிடம் டைமிங் லைட்டைக் கடன் வாங்குங்கள். ஆனால் வேலையை அவரிடம் விடாதீர்கள். அவருக்கு எல்லா வண்டியும் ஒரே வண்டி.

முதல் வேலை, தீப்பொறி விழும் நேரம். என்ஜின் முன்பக்கச் சக்கரத்தின் விளிம்பில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறேன். விளக்கை அடித்தால் ஓடும் சக்கரத்தில் கோடு நின்ற மாதிரித் தெரியும். இப்போது எட்டு டிகிரியில் இருக்கும். பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் அடி போல்ட்டைத் தளர்த்தி, மயிரிழை மயிரிழையாகத் திருப்பிப் பதினான்குக்குக் கொண்டுவாருங்கள். பெரிய கேமுக்குப் பொறி கொஞ்சம் முந்தி விழ வேண்டும். அன்றைக்கு அவசரத்தில் நான் பழைய அளவிலேயே விட்டுவிட்டேன்.

இரண்டாவது, கார்புரேட்டரின் முன்னால் இரண்டு சின்ன ஸ்க்ரூ. இரண்டையும் மெதுவாக உள்ளே முடுக்கி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். பிறகு மீட்டரைப் பார்த்துக்கொண்டே கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புங்கள். முள் எங்கே அதிகம் ஏறுகிறதோ அங்கே விடுங்கள். கடியாரத்துக்குச் சாவி கொடுக்கிற கையாக இருக்க வேண்டும். உங்கள் கை கண்ணாடியில் கீறல் விழாமல் சட்டத்துக்குள் இறக்கும் கை. நன்றாக வரும்.

அன்று சந்தில் நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. திருப்பத்துக்கு முன்பே வண்டி இரண்டு முறை வெட்டியது. அண்ணன் வழக்கம்போலக் கடைசிச் சந்து என்று பின்னால் ஏறிக் கண்ணாடியில் கை வைத்து நின்றார். "எறங்குண்ணா, நடந்து வா" என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் என் வேலையில் குறை இருக்கிறது என்று ஆகிவிடுமே என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் அண்ணி. அதனால்தான் படி ஏறக் கால் வரவில்லை.

ஸ்பானர்


ஜூன் 24

ஸ்பானருக்கு,

உன் கடைசிப் பத்தியை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "சொல்லியிருந்தாலும் நான் எறங்கியிருக்க மாட்டேன், அவளுக்குத் தெரியாதா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு ஆறுமா? எனக்கு ஆறவில்லை. ஆனால் நீ எழுதியதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

வேலைக்கு வருகிறேன். டைமிங் லைட்டைக் கேட்டதும் மூலைக்கடைக்காரர் "உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார். "வெளிச்சம் போதலை, காய்கறி நறுக்கணும்" என்றேன். கொடுத்துவிட்டார். கோடு நிஜமாகவே நின்றது! ஓடுகிற சக்கரத்தில் கோடு மட்டும் அசையாமல்! பதினான்கில் நிறுத்தினேன். சத்தம் கொஞ்சம் தெளிந்தது. முள் பதினொன்றுக்கு ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை, உன் அண்ணனைக் கத்திக் கூப்பிட்டேன்.

அங்கேதான் நின்றுவிட்டது. அந்த இரண்டு ஸ்க்ரூவையும் உள்ளே முடுக்கினாலும் வெளியே எடுத்தாலும் பெரியவர் அசைந்து கொடுக்கவில்லை. காது கேட்காதவரிடம் பேசுகிற மாதிரி இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் முள் மறுபடியும் ஒன்பது. அது போதாதென்று பின்னால் நீலப் புகை வேறு. எண்ணெய் அளக்கிற கம்பியில் பார்த்தேன், எண்ணெயும் குறைந்திருக்கிறது. கீழே தரையில் ஒரு சொட்டுகூடக் கிடையாது. எங்கே போகிறதோ தெரியவில்லை.

சோதனைக்குக் கடையில் கிடந்த பழைய கண்ணாடி ஒன்றைப் பின்னால் ராக்கில் கட்டி, அடுத்த தெருவரை நடை வேகத்தில் ஓட்டினேன். திரும்பி வந்து பார்த்தால் மூலையிலிருந்து மூலைக்கு விரிசல். தொண்ணூற்றாறு எப்படிப் போகும்?

மண்டிக்காரர் நேற்றுக் கடைப்பக்கம் வந்து பெரியவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். டயரை உதைத்துப் பார்த்தார். எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணி


ஜூன் 29

அண்ணிக்கு,

ஸ்க்ரூ கேட்கவில்லை, எண்ணெய் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை, நீலப் புகை. நீங்கள் எழுதியதை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்ஜின் வரக்கூடாத வழியில் காற்றை இழுக்கிறது. கார்புரேட்டர் எவ்வளவு பெட்ரோல் கொடுத்தாலும் இந்தத் திருட்டுக் காற்று கலந்து நீர்த்துப் போகிறது. அதனால்தான் மெதுவாகப் போகையில் வெட்டுகிறது.

வெளிப்பக்கம் ஓட்டை என்றால் உஸ் என்று சத்தம் கேட்கும். கேட்கவில்லை என்றால் ஓட்டை உள்பக்கம், எண்ணெய் இருக்கும் வயிற்றுக்குள். அப்படியானால் காற்றோடு எண்ணெயையும் சேர்த்து இழுக்கும். உறுதி செய்ய ஒரு சின்னச் சோதனை:

என்ஜின் மேல் மூடிகளிலிருந்து இரண்டு தடித்த ரப்பர் குழாய் போகும். இரண்டையும் இடுக்கியால் நெரித்துப் பிடியுங்கள். அண்ணன் ஒன்றை இடது கையால் பிடிக்கலாம். என்ஜின் ஓடட்டும். எண்ணெய் ஊற்றும் வாயைத் திறந்து அதன்மேல் ஒரு தாளை வையுங்கள். நல்ல என்ஜின் மூச்சை வெளியே விடும், தாள் படபடத்து எழும்பும். உள்ளே இழுத்தால் எனக்கு எழுதுங்கள்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. அலுவலக ஜன்னலில் கண்ணாடி காற்றில் பிய்ந்து விழுந்தது, இன்று ஆள் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறார். உங்கள் வேலையைப் பார்த்த கண்ணுக்கு அவர் வேலை பிடிக்கவில்லை.

ஸ்பானர்


ஜூலை 4

ஸ்பானருக்கு,

கைக்குக் கிடைத்த தாள் உன் கடிதம்தான். அதையே வைத்தேன்.

லபக்கென்று இழுத்து ஒட்டிக்கொண்டது! பிய்த்தெடுக்க வேண்டியிருந்தது. உன் அண்ணன் "அடேயப்பா, இவருக்கு உன் கடிதம்னா இவ்ளோ ஆசையா?" என்கிறார். எண்ணெய் வட்டத்தோடு அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், நீயே பார்த்துக்கொள்.

எந்த இடத்தில் ஓட்டை? யாருடைய தப்பு அது? பதினைந்தாம் தேதிக்குப் பதினோரு நாள்தான் இருக்கிறது. சீக்கிரம் எழுது.

அண்ணி


ஜூலை 8

அண்ணிக்கு,

கண்டுபிடித்துவிட்டோம். கார்புரேட்டருக்குக் கீழே அலுமினியத்தில் அகலமான கூடு மாதிரி இருக்கிறதே, மேனிஃபோல்ட், அதன் அடியில் உள்ள கேஸ்கட். தப்பான கேஸ்கட்டை எடுத்துப் போட்டுவிட்டேன். முழுக்க முழுக்க என் தப்பு.

புது கேஸ்கட் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். மூலைக்கடை மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றச் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வேலைக்கு அவர் போதும். நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம். அழுக்கு வேலை, கொதிநீர் வேறு கொட்டும். பழைய கேஸ்கட்டை அவரே தூக்கிப் போட்டுவிடட்டும். பார்க்க அதில் ஒன்றுமில்லை.

பசை மட்டும் என் சிவப்புப் பெட்டியில் இருக்கும் கறுப்புக் குழாய்ப் பசைதான். அதை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஸ்பானர்


ஜூலை 14

ஸ்பானருக்கு,

என்ன திமிர் உனக்கு! என்னையே ஏமாற்றப் பார்த்தாய் பார்.

டைமிங் வைக்கச் சொல்லும்போது மூலைக்கடைக்காரர் ஆகாது. கார்புரேட்டரைத் தொட அவர் ஆகாது. இவ்வளவு பெரிய வேலைக்கு மட்டும் அவர் போதும், நீங்கள் பக்கத்தில்கூட நிற்க வேண்டாமாம். ஒரு மாதத்துக்கு மேலாக உன் எழுத்தைப் படிக்கிறேன், காதில் பூச்சுற்றுவது தெரியாதா எனக்கு? நானே பிரித்தேன்.

சனிக்கிழமை கடையை மூடிவிட்டு ஆரம்பித்தோம். உன் அண்ணன் ஒவ்வொரு போல்ட்டாக வாங்கி, எது எந்த இடம் என்று அட்டையில் குத்தி வைத்தார். தண்ணீரை வடித்தோம். கார்புரேட்டரை இறக்கினோம். மேனிஃபோல்ட் வர மறுத்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஆட்டித் தூக்கினோம்.

கேஸ்கட் சரியான கேஸ்கட்தான். எண்ணைப் பார்த்தேன், நீ எழுதி அனுப்பிய அதே எண். அதைச் சுற்றி, காற்று போகும் ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பிலும், ஊறி உப்பிப் போன, கலங்கிய வெள்ளை ரப்பர். விரல் பட்டதும் தோல் மாதிரி உரிந்து வந்தது. எனக்கா தெரியாது அது என்னவென்று? பத்தொன்பது வருஷமாக ஜன்னலுக்கு வைக்கிற நம் கடைச் சிலிக்கான். பெட்ரோல் பட்டு நைந்து கூழாகியிருக்கிறது. ஒரு துண்டில் என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. வளைவில் அழுத்தி இழுத்துவிட்டு நுனியில் ஒரு சுழி விடுவேனே, அந்தச் சுழியும் இருக்கிறது.

அன்று நீ வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு "அண்ணி, சிவப்புப் பெட்டியில இருக்கற பசைய எடுத்துத் தடவுங்க" என்றாய். பெட்டி கடைக்கு உள்ளே இருந்தது. என் குழாய் கைக்கெட்டும் அலமாரியில் இருந்தது. கண்ணாடியையே தாங்குகிற பசை, ஒரு காகித கேஸ்கட்டைத் தாங்காதா என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லக்கூட இல்லை. பசை வைக்க நீ எனக்குச் சொல்லித் தருவதா என்ற கொழுப்பு. சிலிக்கானின் வினிகர் வாசனையாவது யாருக்காவது தட்டியிருக்க வேண்டும். நம் கடையே அந்த வாசனைதான், யார் மூக்குக்குப் புதிதாகத் தெரியும்?

அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் அண்ணன் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. அவர் கை போனதற்குக் காரணம் நீதான் என்று சொல்லாமல் சொல்லி உனக்கு நான் எழுதிய முதல் கடிதம் முழுக்க ஞாபகம் வந்தது. அவரிடம் சொன்னேன், "நாந்தாங்க. அவ இல்ல, நான்." அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தையல் போட்ட கையாலேயே என் கையிலிருந்த ரப்பரை எடுத்துக் கீழே வைத்தார். நான் அழுது முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

உனக்கு எப்போதிலிருந்து தெரியும்? உண்மையைச் சொல். என்னை இவ்வளவு நாள் திட்டவிட்டாயே, எப்படி மனசு வந்தது உனக்கு?

பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டேன். அந்த வேலையில் என்னை அடிக்க ஆளில்லை. உன் பதில் வந்ததும் புது கேஸ்கட், உன் கறுப்புப் பசை. மண்டிக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணி


ஜூலை 18

அண்ணிக்கு,

ஜூன் 29 முதல்தான் தெரியும். அதற்கு முன் நிஜமாகவே தெரியாது. உங்களுக்குக் கடிதத்தை ஒட்டிவிட்டு அலுவலகத்துக்குள் போனேன். ஜன்னல்காரர் பசை வைத்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை. நம் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அடுத்த நொடி, வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது மேலிருந்து அதே வாசனை வந்தது ஞாபகம் வந்தது. அப்போது எனக்கும் உறைக்கவில்லை. நானும் அந்தக் கடையில் வளர்ந்தவள்தானே.

ஏன் சொல்லவில்லை என்றால், அண்ணன் கையை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். மக்கு உருட்டுவதை, கரண்டி மாறுவதை எல்லாம் பக்கத்தில் இருந்து பார்ப்பது நீங்கள். அதோடு இதையும் சுமக்க வேண்டுமா? நான் தூரத்தில் இருக்கிறேன். எனக்கு ஏற்கெனவே பழகிவிட்டது.

நீங்களே பிரிப்பீர்கள் என்று நினைக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டவர் நீங்கள்.

ஆனால் ஒன்று. 'நான், அவள் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பசையைப் பார்க்காமல் மேனிஃபோல்ட்டை ஏற்றிப் பூட்டியது நான். வெட்டுகிற வண்டியைச் சந்துக்குள் விட்டது நான். அதில் என் பங்கை உங்களுக்குத் தரமாட்டேன்.

போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக முடுக்குங்கள், இரண்டு சுற்றாக. எண்ணெயை மாற்றிவிடுங்கள், உரிந்த ரப்பர் உள்ளே விழுந்திருக்கலாம். பிறகு அந்த இரண்டு ஸ்க்ரூ. இந்த முறை காது கேட்கும்.

ஆகஸ்ட் மாதம் வால்வு இடைவெளியைப் பார்க்க வேண்டும். எப்படி என்று தனியாக எழுதுகிறேன்.

ஸ்பானர்


ஜூலை 26

ஸ்பானருக்கு,

பதினைந்து.

அசையாமல் நிற்கிறது. அசையவே இல்லை! ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பினால் பெரியவர் உடனே குரல் மாற்றுகிறார். நின்றால் லேசாகக் குலுங்குகிறார், நீ சொன்ன 'கொஞ்சம்' இதுதான் போல. பிரேக் மிதி மெத்தென்று இறங்குகிறது. மூலைக்கடைக்காரர் வந்து காது வைத்துக் கேட்டார். "யார் வெச்சது டைமிங்?" என்றார். "காய்கறி நறுக்கினவதான்" என்றேன்.

வியாழக்கிழமை நாற்பத்தெட்டு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உன் அண்ணனோடு மலைக்குப் போனேன். முன்பு முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும் இடத்தை மூன்றாவதில் ஏறினார். நீ ஆசைப்பட்டது வீண் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட வாசலில் இறக்கினோம். நாற்பத்தெட்டில் ஒன்றுகூட உடையவில்லை. கடைசி ஜன்னலை உன் அண்ணன் மாட்டினார். இரண்டு விரலும் பாதிவரை மடங்குகின்றன. மீதிப் பாதிக்கு மக்கு இருக்கிறது.

ரேகை பதிந்த ரப்பர் துண்டைக் கல்லாவுக்கு மேலே கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். என் கைவேலையில் குறையே இருக்காது என்று வாயைத் திறக்கும்போது கண்ணில் படட்டும்.

உன் பங்கை நீ தரவேண்டாம். என் பங்கையும் நான் தரமாட்டேன். உன் அண்ணன் இரண்டையும் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் அடிச்சுக்கங்க, கை என்னுது" என்கிறார்.

வால்வு இடைவெளியைப் பற்றி எழுத வேண்டாம். நான் பார்க்க மாட்டேன். இன்னும் நாற்பத்தெட்டு கண்ணாடி வெட்டி வைத்திருக்கிறது. ஏற்றலாம் என்றால் உன் அண்ணன் ஏற்ற விடவில்லை. உன்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார். ஆகஸ்ட் பத்தாம் தேதிக்குள் போக வேண்டும், ஞாபகம் இருக்கட்டும்.

இந்த உறை கனமாக இருக்கும். தபால்காரர் இரண்டு முறை அமுக்கிப் பார்த்தார். நீ தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போன சாவி அது. "அவ வந்து ஓட்டட்டும், சந்துல நான் பின்னாடி ஏறி நிக்கிறேன்" என்று சொல்லச் சொன்னார்.

அண்ணி